ஏலத்தில் கை தவறினால்

உங்கள் பார்ட்னர் 1 கிளப் என்று ஏலத்தைத் தொடங்குகிறார். வலப்பக்கத்து எதிராளி 1 ஸ்பேட் அட்டையை வைக்கிறார். உங்கள் கவனம் கையிலிருக்கும் சீட்டில். அந்த 1 ஸ்பேடைப் பார்க்காமலே 1 ஹார்ட் அட்டையை எடுத்து வைத்துவிடுகிறீர்கள்.

ஒரு நொடி அமைதி. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

“பரவாயில்ல சார், 2 ஹார்ட்டா மாத்திப் போடுங்க.”

“மாத்தினா இவர் பார்ட்னர் கடைசி வரைக்கும் பாஸ்தான்.”

“என்ன வேணா போடலாம். டபுள் மட்டும் கூடாது.”

மூவரும் பொய் சொல்லவில்லை. தாங்கள் ஆடக் கற்ற காலத்து விதிப் புத்தகத்தை நினைவிலிருந்து, அதுவும் அரைகுறையாக, ஒப்பிக்கிறார்கள். டூப்ளிகேட் பிரிட்ஜின் சட்டங்கள் 1975, 1987, 1997, 2007, 2017 என்று ஏறத்தாழ பத்தாண்டுக்கொரு முறை திருத்தப்பட்டிருக்கின்றன. மொத்தம் 93 சட்டங்கள். அவற்றில் ஏலம் தொடர்பானவைதான் அதிகம் அடிவாங்கி, அதிகம் மாறியவை. கிளப்பில் முப்பது வருடம் ஆடியவரின் தலைக்குள் மூன்று பதிப்புகள் கலந்து கிடக்கும். அவரிடம் சட்டம் கேட்காதீர்கள். என்னிடமும்தான்; நான் இங்கே சொல்லப்போவது, மேசையில் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டுமே. தீர்ப்பு சொல்வது டைரக்டரின் வேலை.

மாற்றத்தின் போக்கை மட்டும் ஒரே வரியில் தெரிந்துகொள்ளுங்கள். முன்பு தவறுக்குத் தண்டனை இருந்தது. இப்போது, தவறு நடக்காமலிருந்தால் ஆட்டம் எங்கே போயிருக்குமோ அங்கே கொண்டுபோய் விடுவதுதான் நோக்கம். 2007 பதிப்பில் ‘தண்டனை’ என்ற சொல்லையே பெரும்பாலான இடங்களில் நீக்கிவிட்டு ‘சரிசெய்தல்’ என்று எழுதினார்கள். 2017 பதிப்பு அதே வழியில் இன்னும் தூரம் போயிருக்கிறது.

### சட்டமா, ஒழுங்குமுறையா?

இரண்டையும் குழப்புவதால்தான் பாதிச் சண்டை வருகிறது. சட்டம் என்பது உலக பிரிட்ஜ் கூட்டமைப்பின் புத்தகம்; சென்னையிலும் ஸ்டாக்ஹோமிலும் ஒன்றே. ஒழுங்குமுறை என்பது போட்டியை நடத்தும் சங்கம் வகுப்பது: எதற்கு அலர்ட் சொல்ல வேண்டும், எந்தக் கன்வென்ஷன் ஆடலாம், திரை உண்டா இல்லையா என்பன. தாழ்ந்த பிட்டுக்கு என்ன பரிகாரம் என்பது சட்டம். ஸ்டாப் அட்டை வைக்க வேண்டுமா என்பது ஒழுங்குமுறை. முதலாவதை ஒருமுறை படித்தால் பத்து வருடம் தாங்கும். இரண்டாவதைப் போட்டிக்குப் போட்டி படிக்க வேண்டும்.

சொற்களையும் இங்கேயே முடித்துக்கொள்வோம். பிட், பாஸ், டபுள், ரீடபுள் நான்கையும் சேர்த்து ‘அழைப்பு’ என்கிறேன். மேசையில் நாம் ‘இன்சஃபிஷியன்ட் பிட்’ என்று சொல்வது இந்நூலில் ‘தாழ்ந்த பிட்’.

### முதல் முப்பது விநாடி

எந்தத் தவறானாலும் தொடக்கம் ஒன்றுதான்.

1. கையை நிறுத்துங்கள். வைத்த அட்டை வைத்தபடியே இருக்கட்டும். சங்கடத்தில் அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பதுதான் நம்மவர்கள் செய்யும் முதல் பிழை. தாழ்ந்த பிட்டை டைரக்டர் வருமுன் நீங்களாகவே மாற்றிவிட்டால், இடப்பக்கத்து எதிராளி பழைய பிட்டை ஏற்காதவரை, மாற்றி வைத்ததுதான் நிற்கும். உங்களுக்கு இருந்த வேறு நல்ல வழிகளை நீங்களே அடைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

2. “டைரக்டர்” என்று கூப்பிடுங்கள். தவறு வெளிப்பட்டதும் மேசையிலுள்ள யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். சினிமாவில் போல இங்கே டைரக்டர் யாரையும் திட்டுவதில்லை. கூப்பிடுவது புகார் அல்ல. எதிராளி கூப்பிட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

3. ஏன் அப்படி வைத்தேன் என்று சொல்லாதீர்கள். “ஐயோ, ஸ்பேடைப் பாக்கலை, கையில அஞ்சு ஹார்ட் இருந்துச்சு” என்று வாய்விட்டால், அந்த ஐந்து ஹார்ட் இப்போது பார்ட்னரின் காதில். அவர் கட்டுப்பட வேண்டிய சுமை அது. விவரம் தெரிந்த டைரக்டர் உங்களை மேசையிலிருந்து தள்ளிக் கூட்டிப்போய்க் கேட்பார். அப்போது சொல்லுங்கள்.

4. டைரக்டர் எல்லா வழிகளையும் சொல்லி முடிக்கும்வரை யாரும் எதுவும் செய்யக்கூடாது. பார்ட்னருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்: பெருமூச்சு, சிரிப்பு, தலையாட்டல் எதுவும் வேண்டாம்.

இடப்பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சொல். எதிராளியின் தாழ்ந்த பிட்டின் மேல் நீங்கள் ஓர் அழைப்பைச் செய்தால் அதை ஏற்றுக்கொண்டதாகிவிடும். தெரியாமல் ஏற்றுக்கொள்பவர்களே அதிகம். தெரிந்தே ஏற்பதில் சில நேரம் லாபமும் உண்டு: மேலே சொன்ன 1 ஹார்ட்டை ஏற்றால், உங்களிடம் நாலு ஸ்பேடும் சுமாரான கையும் இருந்தால், 1 ஸ்பேட் என்று மீண்டும் மலிவாகச் சொல்ல இடம் கிடைக்கிறது. டைரக்டர் “ஏற்கிறீர்களா?” என்று கேட்கும்போது அவசரமாகத் தலையை ஆட்டாமல், கையைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

### தாழ்ந்த பிட்: மூன்று கதவுகள்

எதிராளி ஏற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் முன் மூன்று கதவுகள். இந்த வரிசையிலேயே யோசியுங்கள்.

முதல் கதவு: அதே இனத்தில் அடுத்த படி. 1 ஹார்ட் தாழ்ந்துவிட்டது. 2 ஹார்ட் வைக்கலாம். ஏலம் எந்தத் தடையுமின்றித் தொடரும். பார்ட்னருக்கு வாய்ப்பூட்டு கிடையாது. 1997 பதிப்பில் இதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: தாழ்ந்த பிட் கன்வென்ஷனாக இருக்கக் கூடாது, இயல்பானதாக இருக்க வேண்டும். 2017இல் ‘அதே இனத்தைக் குறிக்கிறதா’ என்பது மட்டுமே கேள்வி. 2 நோ டிரம்புக்கு எதிரே அதை 1 நோ டிரம்ப் என்று நினைத்து 2 ஹார்ட் டிரான்ஸ்ஃபர் வைத்தீர்களா? அது குறிப்பது ஸ்பேடை. 3 ஹார்ட் டிரான்ஸ்ஃபரும் ஸ்பேடையே. மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது கதவு: நிகரான அழைப்பு. இதுதான் 2017இல் வந்த பெரிய புதுமை, 23ஆம் சட்டம். எடுத்துவிட்ட அழைப்புக்குப் பதிலாக நீங்கள் வைப்பது இந்த மூன்றில் ஒன்றாக இருந்தால் நிகரானது: அதே அல்லது ஏறத்தாழ அதே பொருள், அல்லது முந்தையதன் பொருளுக்குள் அடங்கும் ஒரு பகுதி, அல்லது அதே நோக்கம்.

மூன்றாவதற்கு உதாரணம் எல்லோரும் ஒருமுறையாவது செய்த பிழை. பார்ட்னரின் 2 நோ டிரம்பை 1 நோ டிரம்பாகக் கண்டு ஸ்டேமன் 2 கிளப் வைப்பது. கிளப் என்ற இனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மேஜர் சூட்டில் நாலு இருக்கிறதா என்ற கேள்வி அது. 3 கிளப்பும் அதே கேள்வி. நிகரானது. ஏலம் ஓடும்.

இரண்டாவதற்கு, நம் முதல் காட்சிக்கே திரும்புவோம். 1 கிளப், 1 ஸ்பேட், பிறகு உங்கள் தாழ்ந்த 1 ஹார்ட். உங்களிடம் சரியாக நாலு ஹார்ட், எட்டுப் புள்ளி. 2 ஹார்ட் சொன்னால் முதல் கதவு திறக்கும். ஆனால் உங்கள் முறைப்படி அது ஐந்து ஹார்ட்டும் பத்துப் புள்ளியும் கேட்கும் பிட்டாக இருக்கலாம். பார்ட்னர் துள்ளிக் குதித்து மேலே போவார். டபுள்? நீங்கள் ஆடும் நெகட்டிவ் டபுள் நாலு ஹார்ட்டை உறுதியாகக் காட்டுமானால், அது 1 ஹார்ட் சொல்லக்கூடிய கைகளுக்குள் அடங்கும் ஒரு பகுதி. வைக்கலாம். “டபுள் மட்டும் கூடாது” என்றவர் 1997ஐ ஒப்பிக்கிறார்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘உறுதியாகக் காட்டுமானால்’ என்பதை டைரக்டர் உங்கள் கன்வென்ஷன் அட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். அட்டை காலியாக இருந்தால் உங்கள் வாய்ச்சொல் மட்டும்தான் சாட்சி. பழைய விதியில் அட்டை நிரப்பாதவனுக்கு நஷ்டம் குறைவு. இப்போது நிரப்பிய அட்டை காசு.

மூன்றாவது கதவு: மற்ற எதுவும். முதல் இரண்டும் அடைத்துவிட்டால், போதுமான எந்த பிட்டும் அல்லது பாஸும் வைக்கலாம். ஆனால் பார்ட்னர் அந்த ஏலம் முழுக்கப் பாஸ். ஆக, நீங்கள் வைப்பதுதான் உங்கள் தரப்பின் கடைசி வார்த்தை என்று எண்ணி வையுங்கள். மெதுவாக ஏறலாம் என்ற நினைப்பு உதவாது. 3 நோ டிரம்ப் ஆடும்போல் தோன்றினால் நேரே 3 நோ டிரம்ப். நிகரல்லாத டபுளை இங்கே வைக்க முயன்றால் அது செல்லாது. வேறொன்று வைக்கச் சொல்வார்கள், பார்ட்னரும் வாய்மூட வேண்டியதுதான்.

நிகரல்லாத ஒன்றால் மாற்றிய பிறகு எதிராளி ஆட்டத்தை எடுத்தால் இன்னொரு செலவும் வரும். உங்கள் பார்ட்னர் முதன்முறை லீட் செய்ய வரும்போது, நீங்கள் முறையான ஏலத்தில் குறிப்பிடாத ஏதாவது ஒரு சூட்டை அவர் இறக்கக் கூடாது என்று டிக்ளேரர் தடுக்கலாம். லீட் அவர் கையில் இருக்கும்வரை அந்தத் தடை நீடிக்கும். தடுப்பாட்டம் ஆடும் பலருக்கு இந்த உரிமை தங்களிடமிருந்து பறிபோவது தெரியும். டிக்ளேரராக உட்காரும்போது அதே உரிமை தங்களுக்கு இருப்பது மறந்துபோகும்.

எச்சரிக்கை. முதல் இரண்டு கதவுகளில் நுழைந்தாலும் கணக்கு முடியவில்லை. தவறின் உதவியால்தான் நல்ல கான்ட்ராக்டுக்குப் போய்ச் சேர்ந்தீர்கள், எதிராளிக்கு அதனால் நஷ்டம் என்று ஆட்டம் முடிந்தபின் டைரக்டர் கண்டால், மதிப்பெண்ணை மாற்றுவார். அதைக் கேட்டுக் கோபப்படாதீர்கள். கதவைத் திறந்துவிட்டதற்கான வாடகை அது.

### முறை தப்பிய அழைப்பு

உங்கள் பார்ட்னர்தான் டீலர். அவருக்கு முன்னால் நீங்கள் பாஸ் வைத்துவிட்டீர்கள். இடப்பக்கத்துக்காரர் ஏற்றால் ஏலம் அங்கிருந்தே தொடரும். ஏற்காவிட்டால்:

1. உங்கள் பாஸ் ரத்து. ஏலம் உரியவரிடம், அதாவது பார்ட்னரிடம், திரும்பும்.
2. பார்ட்னர் எந்த அழைப்பும் செய்யலாம். ஆனால் உங்கள் பாஸிலிருந்து தெரிந்ததை அவர் பயன்படுத்தக் கூடாது. “இவரிடம் ஓபனிங் இல்லை, அதனால் நான் சின்னக் கையோடு தொடங்க வேண்டாம்” என்ற நினைப்பு தடைசெய்யப்பட்ட நினைப்பு.
3. உங்கள் முறை வரும்போது நீங்களும் எதையும் சொல்லலாம். நிகரானதாக இருந்தால் அதோடு சரி. பார்ட்னர் 1 கிளப் தொடங்க, நீங்கள் 6 முதல் 9 புள்ளி என்று 1 நோ டிரம்ப் சொல்கிறீர்கள். ஓபனிங்குக்குக் குறைவான கை என்று பாஸ் சொன்னதன் ஒரு பகுதிதான் அது. சாதாரண 2 கிளப் ரெய்ஸும் அப்படியே. ஆனால் கேம் வரை போகக் கட்டாயப்படுத்தும் பிட்டை வைத்தால், பாஸ் சொன்ன கையோடு அது ஒட்டாது.
4. நிகரல்லாததாக இருந்தால் பார்ட்னர் அடுத்த முறை ஒரே ஒரு தடவை பாஸ். லீட் தடையும் வரலாம்.

அந்த ‘ஒரே ஒரு தடவை’யைக் கவனியுங்கள். பார்ட்னரின் முறையில் பிட் செய்துவிட்டால் 1997இல் அவருக்கு ஏலம் முழுக்க வாய்ப்பூட்டு. இப்போது ஒரு சுற்றுதான். வலப்பக்கத்து எதிராளியின் முறையில் நீங்கள் முந்திக்கொண்டால் விதி வேறு. பாஸ் வைத்திருந்தால் உங்கள் முறையில் பாஸ்தான் சொல்ல வேண்டும். பிட் வைத்திருந்து அவர் பாஸ் சொன்னால் அதே பிட்டைத் திரும்ப வைக்க வேண்டும். அதற்கு மேல் பரிகாரமில்லை.

### கை தவறியதா, மனம் தவறியதா?

பிட்டிங் பாக்ஸ் ஸ்வீடன் நாட்டுக்காரர்கள் நமக்குக் கொடுத்த கொடை. வாயால் ஏலம் சொன்ன காலத்தில் குரலின் ஏற்ற இறக்கமே பாதிச் செய்தியைச் சொல்லிவிடும். அட்டை அந்த நோயைத் தீர்த்தது. கூடவே ஒட்டிக்கொண்ட அட்டைகள் என்ற புதிய நோயையும் தந்தது.

1 ஸ்பேட் எடுக்கப்போய், பின்னாலிருந்த 1 நோ டிரம்பும் சேர்ந்து வந்துவிட்டது. பார்ட்னர் அடுத்த அழைப்பைச் செய்யும்வரை மாற்றிக்கொள்ளலாம். லீட் தடை கிடையாது. முந்தைய பதிப்புகளில் ‘யோசிக்க இடைவெளியின்றி’ மாற்றியாக வேண்டும் என்றிருந்தது. 2017இல் கேட்பது ஒன்றே: நீங்கள் செய்ய நினைத்தது எது? கை தவறியதாகவோ நாக்கு குழறியதாகவோ இருந்தால் மாற்றம் உண்டு. கவனம் சிதறியதாக இருந்தால் இல்லை.

இந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்று நான் தெரிந்துகொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பார்ட்னர் 4 நோ டிரம்ப் என்று ஏஸ் கேட்டார். என் கையில் இரண்டு ஏஸ். விரலால் அவற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, ஆட்டத்தை எப்படி ஆடுவார் என்று கற்பனை செய்துகொண்டு, பச்சை பாஸ் அட்டையை எடுத்து வைத்தேன். இடப்பக்கத்துக்காரர் நிமிர்ந்து பார்த்த பார்வையில்தான் உறைத்தது. டைரக்டரைக் கூப்பிட்டேன். அவர் என்னை ஜன்னலோரம் கூட்டிப்போய் ஒரே கேள்வி கேட்டார்: “அட்டையை எடுத்த அந்த நிமிஷம், உங்க கை எதைத் தேடிப்போச்சு?” பாஸ் அட்டைகள் பெட்டியின் முன் பகுதியில், 5 ஹார்ட் பின் பகுதியில். விரல் தவறி அவ்வளவு தூரம் வர முடியாது. “பாஸைத்தான்” என்றேன். பாஸ் நின்றது. 4 நோ டிரம்பில் பன்னிரண்டு டிரிக் எடுத்தோம். பார்ட்னர் மூன்று போர்டு வரை என்னோடு பேசவில்லை.

சில பழக்கங்கள்:

- அட்டையை வைத்ததும் விரலை எடுக்குமுன் ஒருமுறை பாருங்கள். அரை விநாடிதான்.
- ஈரக்காற்று அடிக்கும் ஊர்களில் அட்டைகள் ஒட்டும். செஷனுக்கு முன் பெட்டியை ஒருமுறை பிரித்துச் சரிபாருங்கள்.
- பார்ட்னரின் அலர்ட்டைக் கேட்டுத்தான் தவறு தெரிந்தது என்றாலும் மாற்றம் கேட்கலாம். எப்படித் தெரிந்தது என்பதல்ல, எதை நினைத்தீர்கள் என்பதே கேள்வி.
- டைரக்டரிடம் பொய் சொல்லாதீர்கள். பெட்டியில் அட்டைகள் இருக்கும் இடம் அவருக்கும் தெரியும்.

### அலர்ட்டும் விளக்கமும்

இங்கே ஒழுங்குமுறைதான் ராஜா. அமெரிக்க பிரிட்ஜ் லீக் 2021 ஜனவரியில் தன் அலர்ட் முறையை மாற்றி எழுதியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே ஸ்டாப் அட்டையை விட்டுவிட்டது. அங்கே ஆடிப் பழகிய உறவினர் ஊருக்கு வந்து உங்களோடு உட்கார்ந்தால், அவருக்கு இயல்பானது இங்கே மீறலாகலாம். போட்டி அறிவிப்பில் அலர்ட் பற்றிய பக்கத்தை இருவரும் சேர்ந்து படியுங்கள்.

விளக்கம் சொல்லும்போது சொல்ல வேண்டியது உங்கள் உடன்பாட்டை. உங்கள் கையையோ உங்கள் ஊகத்தையோ அல்ல. உடன்பாடு இல்லையென்றால் “பேசிக்கொள்ளவில்லை” என்பதே நேர்மையான பதில். “நான் இப்படி எடுத்துக்கிறேன்” என்று சொன்னால், நீங்கள் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பார்ட்னருக்கும் சேர்த்துச் சொல்லியாயிற்று.

உங்கள் பிட்டைப் பார்ட்னர் தவறாக விளக்கினால்? இதில் நேரம்தான் எல்லாம்.

1. ஏலம் நடக்கும்போது வாயோ முகமோ திறக்காதீர்கள். அவர் சொன்னதைக் கேட்கவே இல்லை என்பதுபோல் உங்கள் முதல் எண்ணப்படியே தொடருங்கள்.
2. கடைசியில் ஆட்டம் உங்கள் தரப்புக்கு வந்தால், அதாவது நீங்கள் டிக்ளேரரோ டம்மியோ ஆனால், கடைசிப் பாஸுக்குப் பிறகு, முதல் லீட்டுக்கு முன், டைரக்டரைக் கூப்பிட்டுத் திருத்துங்கள்.
3. நீங்கள் தடுப்பாட்டம் ஆடினால் ஆட்டம் முழுக்க முடிந்த பிறகே சொல்ல வேண்டும். முன்னால் சொன்னால் பார்ட்னருக்கு வழிகாட்டியதாகிவிடும்.

தவறான விளக்கத்தை நம்பி எதிராளி செய்த கடைசி அழைப்பை, அவருடைய பார்ட்னர் இன்னும் பேசாதிருந்தால், டைரக்டர் அனுமதியோடு மாற்றிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு.

ஆன்லைனில் தலைகீழ்: உங்கள் பிட்டுக்கு நீங்களே அலர்ட் போட்டு, எதிராளிக்கு மட்டும் தெரியும்படி விளக்க வேண்டும். தாழ்ந்த பிட்டை மென்பொருளே ஏற்காது. 2020க்குப் பிறகு ஆன்லைனில் கற்றவர்கள் நேரே மேசைக்கு வரும்போது தாழ்ந்த பிட் பற்றிய 27ஆம் சட்டம் என்றால் என்னவென்றே தெரியாமல் திகைப்பது இதனால்தான்.

### தயக்கம்

பத்து விநாடி யோசித்துவிட்டுச் சொல்லும் பாஸும், பட்டென்று சொல்லும் பாஸும் காகிதத்தில் ஒன்று, மேசையில் வேறு. யோசிப்பது குற்றமில்லை. அந்தத் தயக்கம் சொன்னதைப் பார்ட்னர் பிடித்துக்கொள்வதே குற்றம். பார்ட்னருக்கு விதி இது: அவருடைய தரத்தில் ஆடுபவர்கள் தீவிரமாகப் பரிசீலிக்கக்கூடிய, சிலராவது தேர்ந்தெடுக்கக்கூடிய வேறு அழைப்பு இருக்குமானால், தயக்கம் காட்டிய திசையில் அவர் போகக் கூடாது. பார்ட்னர் நீண்ட நேரம் யோசித்துப் பாஸ் சொன்னார், உங்களுக்கோ 4 ஹார்ட்டா பாஸா என்று இழுபறி. பாஸ் சொல்லுங்கள். வலிக்கும்.

எதிராளி படி தாண்டிக் குதித்துச் சொல்லும் பிட்டுக்குப் பிறகு, ஸ்டாப் அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுமார் பத்து விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். கையில் ஒன்றுமே இல்லாதபோதும். அப்போதுதான் உண்மையாகவே யோசிக்க வேண்டிய நாளில் உங்கள் மௌனம் எதையும் சொல்லாது.

பெரிய போட்டிகளில் இதற்குத்தான் மேசைக்குக் குறுக்கே திரை. உலகப் போட்டியில் அது முதலில் வந்தது 1975இல், பெர்முடாவில் நடந்த பெர்முடா பவுலில். அதே போட்டியில் ஒரு இத்தாலிய இணை மேசைக்கு அடியில் காலால் தட்டிக்கொண்டது என்ற புகார் எழுந்து கண்டிக்கப்பட்டது. திரை மேலே இருந்தது, கால் கீழே இருந்தது. 2015இல் அந்தக் கோப்பை சென்னையில் நடந்தபோதும், அதற்குச் சற்று முன் வீடியோ ஆதாரங்களோடு கிளம்பிய மோசடிப் புகார்களால் சில நட்சத்திர இணைகள் வராமலே போயின. கோப்பையைப் போலந்து எடுத்துச் சென்றது.

### உங்கள் ஏல முறை அனுமதிக்கப்பட்டதா?

போலந்தில் சிலர் விநோதமான ஏல முறைகளை உருவாக்கினார்கள். நல்ல கை வந்தால் பாஸ். கை மோசமானால் பிட்! எதிராளிகள் அதற்குத் தற்காப்பு தயாரிப்பதற்குள் செஷன் முடிந்துவிடும். இப்படிப்பட்டவற்றைக் கட்டுப்படுத்தவே உலகக் கூட்டமைப்பு முறைகளைப் பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று வகைப்படுத்தியது. ஓபனிங் பலத்தோடு பாஸ் சொல்வது மஞ்சள்.

உங்கள் முறையைச் சோதிக்க இந்தக் கேள்விகள் போதும்:

1. தொடக்க இடத்தில் நீங்கள் சொல்லும் பாஸ் ஓபனிங் பலத்தைக் காட்டுமா? ஆம் என்றால் மஞ்சள். பெரும்பாலான போட்டிகளில் இடமில்லை.
2. ஒன்றாம் படித் தொடக்கம் ‘இந்தச் சூட் நீளம் அல்லது அந்தச் சூட் நீளம்’ என்று இரண்டில் ஒன்றைக் காட்டுமா? அதுவும் மஞ்சளே. ஸ்ட்ராங் கிளப், ஸ்ட்ராங் டைமண்ட் முறைகளின் மைனர் தொடக்கங்களுக்கு மட்டும் விலக்கு.
3. 2 கிளப் முதல் 3 ஸ்பேட் வரையிலான தொடக்கம் பலவீனமாகவும் இருக்கலாம், குறிப்பிட்ட ஒரு சூட்டில் நாலு சீட்டையும் உறுதி சொல்லாது என்றால் அது ‘பிரவுன் ஸ்டிக்கர்’. மல்டி 2 டைமண்டுக்கு மட்டும் விலக்கு; டெரன்ஸ் ரீஸும் ஜெரமி ஃபிளின்டும் உருவாக்கியது, உலகமே ஆடுகிறது, தடுக்க முடியாது.
4. ஆடப்போகும் சங்கத்தின் அட்டவணை எது? அமெரிக்க லீக் 2018 முதல் நான்கு தனி அட்டவணைகள் வைத்திருக்கிறது; கூட்டமைப்பு அனுமதிப்பது அங்கே கீழ்நிலைப் போட்டியில் செல்லாது.

இணையத்தில் கிடைக்கும் பழைய புத்தகங்களிலிருந்து முறையை எடுக்கும்போது மதிப்பெண் கணக்கின் ஆண்டையும் பாருங்கள். வல்னரபிள் ஆன எதிராளி 7 ஸ்பேட் ஆடினால் 2210. 1987க்கு முன், வல்னரபிள் ஆகாத நீங்கள் 7 நோ டிரம்ப் சொல்லி, டபுள் வாங்கி, பதினோரு டிரிக் தோற்றாலும் இழப்பு 2100தான், லாபம்! 1987இல் நாலாவது டிரிக்கிலிருந்து 300 என்று மாற்றினார்கள். அதே தோல்வி இப்போது 2900. அந்தக் காலத்து ‘தைரியமான தியாகங்களை’ இன்று காப்பியடித்தால் பர்ஸ் கிழியும்.

சந்தேகம் மிச்சமிருந்தால், நிரப்பிய கன்வென்ஷன் அட்டையைப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே அமைப்பாளருக்கு அனுப்பிக் கேட்டுவிடுங்கள். மேசையில் உட்கார்ந்தபின் கேட்டால், பதில் பெரும்பாலும் ‘கூடாது’ என்றுதான் வரும்.